பங்குப் பதிவேடும் எலும்பு மஜ்ஜையும்

நம் பங்கு இல்லத்தின் அலுவலறையில் பழைய தேக்கு அலமாரி ஒன்று உண்டு. திருமுழுக்கு, திருமணம், மரித்தோர் என மூவகைப் பதிவேடுகளும் அதனுள் அடுக்கப்பட்டுள்ளன. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியின் புழுதி, எவ்வளவு இறுக மூடினாலும் உள்ளே புகுந்துவிடும். பதிவேட்டைப் புரட்டினால் விரல் நுனி கறுத்துவிடும். பெரும்பாலும் சான்றிதழ் கேட்டு வருவோருக்காகவே அதைத் திறப்போம். பள்ளியில் சேர்க்க ஒரு திருமுழுக்குச் சான்று, வெளியூரில் பெண் கட்ட ஒரு மணமாகாச் சான்று. அவ்வளவே அவற்றின் பயன் என்று நாமும் எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், மருத்துவமனைத் தாள் ஒன்றுடன் வந்து நின்றார். ஒன்பது வயதான அவர் மகள் வெளுத்துச் சோர்ந்து, உடலெங்கும் அடிபடாமலே நீலத் தழும்புகள் தோன்றிப் படுத்திருந்தாள். இரும்புச்சத்து மாத்திரை, டானிக், மந்திரித்த கயிறு எனப் பலவும் பார்த்தாயிற்று. இறுதியில் பெரிய மருத்துவமனை ஒன்றில் எலும்பு மஜ்ஜையைச் சோதித்து, "குடும்ப வரலாறு தேவை; மூன்று தலைமுறை வரை யார் யாரை மணந்தார்கள், சிறு வயதில் இறந்தவர் யார் யார் என எழுதி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தனர். "எங்க மாமாவுக்கும் தெரியல, ஆச்சியும் போய்ச் சேந்துட்டா. உங்க நோட்டுலதான் இருக்கும்னு சொன்னாவ, சாமி" என்றார் அத்தாய். 'எங்க மாமா' என்று அவர் குறித்தது தம் கணவரை. சொல்வழக்கு மட்டுமன்று, அவர் உண்மையிலேயே தாயின் உடன்பிறந்த தம்பி, தாய்மாமன்.

உபதேசியாரும் நாமுமாக அன்று மாலை முழுவதும் அமர்ந்து பதிவேடுகளைப் புரட்டினோம். ஒரு பெரிய தாளில் வட்டமும் கட்டமும் போட்டு, கோடுகளால் இணைத்தோம். கணவரின் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும் ஆவர். அவர்களுக்குப் பிறந்த ஆறு பிள்ளைகளில் இருவர், 1974இலும் 1979இலும் மரித்தோர் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தனர். ஒருவனுக்கு வயது எட்டு, மற்றவளுக்குப் பதினொன்று. ஒருவனுக்கு எதிரே 'காய்ச்சல்' என்றும், மற்றவளுக்கு எதிரே 'சோகை' என்றும் அன்றைய பங்குத்தந்தை எழுதியிருந்தார். எஞ்சிய நால்வரில் மூத்தவளின் மகளே நம்முன் நின்ற தாய். கடைக்குட்டியே அவர் கணவர்.

திருமணப் பதிவேட்டில் அவ்விருவரின் பக்கத்தைத் திறந்தபோது நம் கை சற்றுத் தயங்கியது. ஆயரிடமிருந்து பெற்ற உறவுத்தடை விலக்குக் கடிதம் அதிலே ஊசியால் குத்தப்பட்டிருந்தது. விலக்குக் கோரிய விண்ணப்பத்தில் இருந்த கையொப்பம் நம்முடையது. இதே பங்கில் இளங்குருவாக முதன்முறை பணியாற்றியபோது நாமே எழுதி அனுப்பியது. காரணம் எனும் இடத்தில் 'சிறிய ஊர். தகுந்த வரன் கிடைப்பது அரிது' என்று எழுதியிருந்தோம். அது அப்போது எல்லா விண்ணப்பங்களிலும் நாம் எழுதிய வரி. மரித்தோர் பதிவேடு அதே அலமாரியில் ஒரு தட்டுக்குக் கீழே இருந்தது. அதைத் திறந்து பார்க்க நமக்குத் தோன்றவில்லை.

இப்பதிவேடுகள் எதற்காகத் தோன்றின என்பதைக் குருமடத்தில் படித்திருந்தோம். ஆயினும் அன்றுதான் அது உறைத்தது. திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563இல் திருமணம் பற்றிய தன் ஆணையில், ஒவ்வொரு பங்குத்தந்தையும் மணமக்கள், சாட்சிகள் பெயர்களையும் நாளையும் இடத்தையும் ஒரு நூலில் எழுதிக் காக்கவேண்டும் என விதித்தது. திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயரை எழுதவேண்டும் என்றும் அதே சங்கம் கூறியது; ஞான உறவும் அக்காலத்தில் மணத்தடையாக இருந்தமையே காரணம். 1614இல் வெளியான உரோமைத் திருச்சடங்கு நூல் இறந்தோர் பதிவேட்டையும் சேர்த்தது. இரகசியத் திருமணங்களையும், ஒருவர் இருமுறை மணப்பதையும், நெருங்கிய உறவினர் அறிந்தோ அறியாமலோ மணப்பதையும் தடுப்பதற்கே இவ்வளவு எழுத்து வேலை. கோவிலில் நாம் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும் இதன் பொருட்டே. யாரேனும் எழுந்து 'இவர்களுக்குள் உறவு உண்டு' எனச் சொல்லவேண்டும் என்பதற்காகவே அந்த ஓலை. நம் ஊர்களில் அது தலைகீழ். உறவு இல்லை என்றால்தான் கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

உறவுக்குள் மணப்பது பற்றித் திருச்சபைத் தந்தையர் சிந்தித்த வழி சுவையானது. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராக இருந்த புனித அம்புரோசியாருக்குப் பத்தெர்னுஸ் எனும் பெருங்குடியினர் ஒருவர் கடிதம் எழுதினார். தம் மகனுக்குத் தம் மகளின் மகளை மணம் முடிக்க விரும்புவதாகவும், ஆயரின் கருத்து வேண்டுமெனவும் கேட்டிருந்தார். நம் கரிசல் நாட்டுத் தாய்மாமன் மணமேதான் இது! அம்புரோசியார் மறுத்து எழுதிய விடை இன்றும் உள்ளது. புனித அகுஸ்தினார் 'இறைவனின் நகர்' எனும் பெருநூலின் பதினைந்தாம் பகுதியில் வேறொரு காரணம் காட்டுகிறார். ஒருவரே மாமனாரும் மாமனுமாக இருப்பதைவிட, அவ்வுறவுகள் வேறுவேறு மனிதரிடம் பகிரப்பட்டால் அன்பின் வலை அகலும் என்பது அவர் கருத்து. பெரிய கிரகோரியார் கான்டர்பரி அகுஸ்தினாருக்கு எழுதியதாகப் பேடு எனும் துறவி தம் ஆங்கிலத் திருச்சபை வரலாற்றில் சேர்த்துள்ள மடல் மூன்றாவது காரணத்தைச் சொல்கிறது. உடன்பிறந்தோரின் மக்கள் தமக்குள் மணந்தால் சந்ததி தழைப்பதில்லை என்பதை அனுபவத்தால் அறிந்தோம் என்கிறது அது. மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில் இது எழுதப்பட்டது.

இடைக்காலத்தில் இத்தடை ஏழாம் தலைமுறைவரை நீண்டு, யாரும் யாரையும் மணக்க இயலாத அளவுக்கு வந்துவிட்டது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் அதை நான்காகக் குறைத்தது. ஏன் நான்கு? உடலில் நான்கு தாதுக்கள் உள்ளன; எனவே உடல் சார்ந்த இணைப்புக்கு நான்கு பொருந்தும் என்று அச்சங்கம் காரணம் கூறிற்று. குருமடத்தில் நாம் இதைப் படித்துச் சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பு வரவில்லை. மருத்துவம் தவறாக இருக்கலாம். ஆனால் உறவுத்தடை என்பது உடலைப் பற்றியது என்ற உணர்வேனும் அவர்களிடம் இருந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு தடையை மூன்றாம் படிவரை சுருக்கியது. எண்ணும் முறையே மாறிய 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின்படி, பொது மூதாதையரை விட்டுவிட்டு இருபுறமும் ஆட்களை எண்ணவேண்டும். உடன்பிறந்தோர் இரண்டு, மாமனும் அக்காள் மகளும் மூன்று, மாமன் மகளும் அத்தை மகனும் நான்கு. நான்கு வரை தடை. இரண்டுக்கு விலக்கே கிடையாது. மூன்றுக்கும் நான்குக்கும் ஆயர் விலக்களிக்கலாம். விலக்குக்கு உரிய காரணங்களை 1877இல் உரோமையின் மறைபரப்புப் பேராயம் வரிசைப்படுத்திக் கொடுத்தது. இடத்தின் குறுக்கம், பெண்ணின் வயது முதிர்வு, சீதனப் பற்றாக்குறை என்பன அப்பட்டியலின் முதல் மூன்று. நாம் எழுதிய 'சிறிய ஊர்' அங்கிருந்து வந்ததே. பட்டியல் நெடியது, பிறக்கப்போகும் பிள்ளையின் உடல்நலம் பற்றிய வினா நம் விண்ணப்பத் தாளிலும் இருந்ததில்லை.

கரிசல் மக்கள் உறவுக்குள் மணந்ததை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. இது மானாவாரி பூமி. பருத்தியும் கம்பும் உளுந்தும் வானத்தை நம்பி விதைக்கப்படுவன. இரண்டு ஆண்டு மழை பொய்த்தால் குடும்பம் கடனில் மூழ்கும். அந்நிலையில் நாலு குறுக்கம் நிலம் குடும்பத்தை விட்டுப் போகாதிருக்கவும், சீர்வரிசையில் நெருக்கடி வராதிருக்கவும், மருமகளாகப் போகும் பெண் பசித்துக் கிடந்தால் 'நம்ம பிள்ளை' என்று பார்ப்பதற்கும் உறவு தேவைப்பட்டது. முறைமாப்பிள்ளை இருக்க வெளியே பெண் கொடுத்தால் பந்தற்காலைப் பிடுங்கும் அளவுக்கு உரிமை பேசப்பட்ட நாடு இது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் எழுத்துகளில் இந்த உரிமையின் இனிமையையும் வன்மையையும் காணலாம்.

மறைபரப்பாளர்கள் இதனோடு மல்லுக்கட்டினர் என்றும் சொல்ல முடியாது. முழுதும் ஏற்றனர் என்றும் சொல்ல முடியாது. 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷனின் தளமாக விளங்கிய காமநாயக்கன்பட்டி, கோவில்பட்டிக்கு அண்மையில் உள்ளது. பரலோக மாதா திருவிழாவுக்கு ஆண்டுதோறும் செல்லும் வாசகர் பலர் இருப்பீர்கள். புனித அருளானந்தரும் வீரமாமுனிவரும் பணிபுரிந்த மண் அது. அருளானந்தர் 1693இல் ஓரியூரில் உயிர்நீத்ததற்கு உடனடிக் காரணம் ஒரு திருமண ஒழுங்கே என்பதை நாம் அறிவோம். திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு பிறரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். பலதார மணத்தில் உயிரையே கொடுக்கும் அளவுக்கு உறுதி காட்டிய திருச்சபை, உறவு மணத்தில் விலக்களிப்பின் வழியே நடந்தது. அதைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. விலக்குக் கோரி எழுதியவருள் நாமும் ஒருவர்.

இனி அந்தச் சிறுமியின் நோய்க்கு வருவோம். எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையே இரத்தத்தின் விளைநிலம். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை அது ஆக்குகிறது. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும், குருதிக் கசிவை அடைக்கும் தட்டணுக்களும் அங்கேயே பிறக்கின்றன. 1927இல் சுவிட்சர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் கைடோ ஃபான்கோனி, ஒரே குடும்பத்தின் மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதினார். மூவருக்கும் சிறு வயதிலேயே மஜ்ஜை வற்றிக் கடுஞ்சோகை கண்டது. பிறவிக் குறைகளும் இருந்தன. அவர் பெயராலேயே இந்நோய் ஃபான்கோனி சோகை எனப்படுகிறது. 1964இல் செருமானிய ஆய்வாளர் திரவுத்தே ஷ்ரோடரும் உடன் பணியாற்றியோரும், இந்நோயாளிகளின் அணுக்களில் குரோமோசோம்கள் தாமாகவே முறிந்து கிடப்பதைக் கண்டனர். நம் உடலணுக்களின் மரபு இழைகளில் அன்றாடம் சேதம் நேர்கிறது; அதைச் செப்பனிடும் கொத்தரும் உள்ளேயே உள்ளனர். இந்நோயாளிகளிடம் ஒருவகைச் சேதத்தைச் செப்பனிடும் கொத்தர் இல்லை. ஆகவே மஜ்ஜை வற்றுகிறது. வற்றும் மஜ்ஜை சிலரிடம் இரத்தப் புற்றுநோயாகத் திரிகிறது. அதிலிருந்து தப்பி வளர்ந்தோருக்கு வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய், பிறரைவிடப் பன்மடங்கு இடருடன், இளம்வயதிலேயே வரக்கூடும். வெற்றிலையோடு புகையிலையும் மென்று, சாராயமும் குடிக்கும் ஊரில் இது எத்தகைய அபாயம் என்பதை விளக்கவேண்டியதில்லை.

சிலருக்கு உயரக் குறைவு, தோலில் காப்பி நிறத் திட்டு, கட்டைவிரலில் குறை என அடையாளங்கள் இருக்கும். சிலருக்கு ஒன்றுமே இராது. அந்தச் சிறுமிக்குப் பிறக்கும்போதே வலக்கையில் இரண்டு கட்டைவிரல்கள் இருந்தனவாம். ஆறு விரல் அதிர்ஷ்டம் என்று ஆச்சி மகிழ்ந்தாராம். பிறகு பள்ளியில் கேலி செய்ததால் வெட்டி எடுத்தனர். அந்த விரல் என்ன சொல்ல வந்தது என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

இந்நோய்க்குக் காரணமான மரபணுக்கள் இருபதுக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றில் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, இரு பிரதிகளும் பழுதாக வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் பழுதானவர் நலமாக வாழ்ந்து, தம்மை அறியாமலே அதைக் கடத்துவார். இருவரும் அவ்வாறு அமைந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனும் அக்காள் மகளும் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர். மாமன் மகளும் அத்தை மகனும் எட்டில் ஒரு பங்கு. பாட்டனிடம் இருந்த ஒரே பழுது, இரு கிளை வழியாக இறங்கி ஒரே தொட்டிலில் வந்து சேர்வதற்கு வழி இதுவே.

இங்கே ஒரு தராசு தேவை. உறவில் மணந்தோரின் பிள்ளைகள் மிகப்பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். அத்தை, மாமன் மக்கள் மணத்தில் பிறவிக் குறைக்கான இடர் பொதுவான அளவைவிட இரண்டு மூன்று விழுக்காடு கூடுகிறது என்பதே உலக ஆய்வுகளின் முடிவு. 1960-களில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சென்டர்வால் தம்பதியர் தென்னாட்டு உறவு மணத்தையும் பிறவிக் குறைகளையும் ஆராயத் தொடங்கினர். அதே கல்லூரியின் பி.எஸ்.எஸ். ராவும் இன்பராஜும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், வட ஆர்க்காட்டு ஊர்ப்புறங்களில் ஏறத்தாழப் பாதித் திருமணங்கள் உறவுக்குள் நிகழ்ந்திருந்தன. எனினும் எதிர்பார்த்த அளவு சேதத்தை அவர்கள் காணவில்லை. பலருக்கு இது ஆறுதல். ஆனால் அரிய நோய் ஒன்று ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே இருக்குமானால், சராசரிக் கணக்கு அக்குடும்பத்துக்கு உதவாது. பதிவேட்டில் 1974உம் 1979உம் இருந்த வீட்டுக்கு இரண்டு மூன்று விழுக்காடு பேசிப் பயனில்லை.

இன்னொரு செய்தி நம்மை அதிகம் உறுத்தியது. ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூற்று உயிரியல் ஆய்வு மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் தம் குழுவினருடன் 2009இலும் 2017இலும் வெளியிட்ட ஆய்வுகள், இந்தியச் சாதிகள் பல நூற்றாண்டுகளாகத் தமக்குள்ளேயே மணந்து வந்ததால், பல சாதிகளில் சில மூதாதையரின் பழுதுகள் எல்லாரிடமும் பரவிக் கிடப்பதைக் காட்டின. அதாவது, 'உறவே இல்லாத அசலார்' என்று எண்ணி ஒரே சாதிக்குள் எடுத்த மணமும் மரபணு நோக்கில் அசல் ஆகாதிருக்கலாம். ஃபான்கோனி சோகையிலேயே இதற்குச் சான்று உண்டு. FANCL எனும் மரபணுவில் தெற்காசியப் பொது மூதாதை ஒருவரிடமிருந்து வந்த பழுது இந்திய நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவதை 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நமக்கு மட்டும் உரியதன்று இது. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்களில் இந்நோயைத் தேடிய ஆய்வாளர், கோவில் பதிவுகளையும் குலவரிசைகளையும் பின்தொடர்ந்து, 1688இல் பிரான்சிலிருந்து கேப் கரையில் வந்திறங்கிய ஒரு தம்பதியரிடம் போய் நின்றனர். மூன்று நூற்றாண்டுத் தனிமை ஒரு பழுதை எவ்வளவு பெருக்கியது! அகுஸ்தினார் சொன்ன அன்பின் வலையை நாம் சாதி எல்லையில் நிறுத்திக்கொண்டோம். திருமுழுக்குப் பெற்ற பின்னும் நிறுத்திக்கொண்டோம். கோவில் இருக்கைகளில் அந்த எல்லை இப்போது மறைந்திருக்கலாம். திருமணப் பதிவேட்டில் மறையவில்லை என்பதைப் பேழையைத் திறக்கும் எந்தப் பங்குத்தந்தையும் அறிவார்.

இந்நோய்க்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையே இரத்தத்தை மீட்கும் வழி. அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1950-களில் தொடங்கிப் பல தோல்விகளுக்குப் பின் இதை நிலைநாட்டி, 1990இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்றம் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானியால் செய்யப்பட்டது. இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இயங்கியவர் அவர். 1986இல் வேலூரில் மம்மன் சாண்டி தலைமையில் தொடங்கிய பணி, எளிய தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த வாசலைத் திறந்தது. ஃபான்கோனி நோயாளிக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. மாற்றத்துக்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுக்கும் மருந்தை வழக்கமான அளவில் கொடுத்தால், செப்பனிட வலுவற்ற அந்த உடல் தாங்காது. பாரிசில் எலியான் குளுக்மன் 1980-களில் குறைந்த அளவு மருந்தால் இதைச் செய்யலாம் எனக் காட்டினார். அவரே 1988 அக்டோபரில், அமெரிக்காவிலிருந்து வந்த ஐந்து வயது ஃபான்கோனி நோயாளி ஒருவனுக்கு, அப்போதுதான் பிறந்திருந்த அவன் தங்கையின் தொப்புள்கொடிக் குருதியைச் செலுத்தினார். உலகின் முதல் தொப்புள்கொடிக் குருதி மாற்றம் அது. அவன் பிழைத்தான். முன்பெல்லாம் நஞ்சோடு புதைக்கப்பட்ட பொருள் ஓர் உயிரை மீட்டது.

நம் சிறுமிக்கு இரத்தம் ஏற்றவேண்டும் என்றதும், மாமன்மாரும் சித்தப்பாமாரும் வேன் பிடித்துக் கிளம்பிவிட்டனர். மருத்துவர் அவர்களைத் தடுத்துவிட்டார். மஜ்ஜை மாற்றம் செய்யவேண்டிய பிள்ளைக்கு உறவினரின் குருதியை முன்னரே ஏற்றினால், அவள் உடல் அந்த உறவின் திசுக்களைப் பகையாக அறிந்துகொள்ளும். பின்னர் அவர்களின் மஜ்ஜையைத் தள்ளிவிடவும் கூடும். 'இரத்த சொந்தம் இருக்க, ஊரான் இரத்தமா?' என்று ஒரு மாமன் ஆத்திரப்பட்டது இன்னும் காதில் நிற்கிறது. முன்பின் அறியாத யாரோ நால்வர் குருதி கொடுத்தனர்.

அண்ணனின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தியது. பதின்மூன்று வயது, கபடி ஆடுபவன். கோவிலில் நன்றித் திருப்பலி கேட்டார்கள். ஆனால் கொடையாளிக்கும் அதே குரோமோசோம் முறிவுச் சோதனை செய்யாமல் மஜ்ஜை எடுக்கக்கூடாது என்பது விதி. சோதனை முடிவு வந்தபோது, அடையாளம் ஒன்றுமின்றி அவனுக்கும் அதே நோய் இருப்பது தெரிந்தது. குடும்ப வரலாறு அறியாமல், சோதனை செய்யாமல் அவன் மஜ்ஜையை எடுத்திருந்தால் இருவரையும் இழந்திருக்கலாம்.

பிறகு உறவினர் அனைவரையும் சோதித்தனர். பொதுவாக உடன்பிறந்தோருக்கு வெளியே முழுப் பொருத்தம் கிடைப்பது அரிது. உறவுக்குள் மணந்த குடும்பங்களில் அந்த வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஒரே மூதாதையின் திசுக்குறி இரு வழியாகவும் வருவதால். அவ்வாறே தாயின் தம்பி ஒருவர் பொருந்தினார். அச்சிறுமியின் தாய்மாமன்! காதுகுத்துக்கு மடியில் வைத்த அதே மாமன். தாய்மாமன் மணத்தின் வழி வந்த நோய்க்குத் தாய்மாமனே மஜ்ஜை கொடுத்ததை எண்ணி நாம் பலநாள் வியந்திருக்கிறோம். இதில் என்ன பாடம் எடுப்பது என்று இன்றளவும் தெரியவில்லை. சிறுமி பிழைத்துப் பள்ளி செல்கிறாள். வாயில் புண் வந்தால் உடனே காட்டவேண்டும் என்ற அட்டை அவள் பைக்குள் எப்போதும் இருக்கிறது. அண்ணனுக்கு அந்த மாமன் பொருந்தவில்லை. அவன் அணுக்கள் ஆண்டுக்கு ஆண்டு மெல்லக் குறைகின்றன. சென்னையில் 2009இல் தொடங்கிய 'தாத்ரி' போன்ற கொடையாளர் பதிவகங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கரிசலின் ஒரு சிறு குழுவுக்குரிய திசுக்குறி கொண்டவர், அந்தக் குழுவிலிருந்து முன்வந்து பதிந்தால்தான் அங்கே கிடைப்பார். நம் இளைஞர் எத்தனை பேர் பதிந்துள்ளனர்?

'இன்னொரு பிள்ளை பெற்றால் அது காப்பாற்றுமா, சாமி?' என்று அத்தாய் ஒருமுறை கேட்டார். எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். 2000இல் அமெரிக்காவில், ஃபான்கோனி நோயுற்ற சிறுமிக்குப் பொருந்தும்படி, ஆய்வகத்தில் கருக்களைச் சோதித்துத் தேர்ந்து ஒரு தம்பி பிறப்பிக்கப்பட்டான். 1987இல் வந்த 'தோனும் வீத்தே', 2008இல் வந்த 'திக்னித்தாஸ் பெர்சோனே' ஆகிய ஆவணங்களின் வழி திருச்சபை இதை ஏற்க மறுப்பதை நாம் அவருக்கு விளக்கினோம். தேர்ந்தெடுக்கப்படாத கருக்களும் உயிர்களே என்றோம். நம் நம்பிக்கை அதுவே. ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட அதே வாயால் அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. அவர் பதில் பேசவில்லை.

பதிவேடுகளைப் புரட்டிய அன்று இன்னொன்றும் வெளிப்பட்டது. கணவரின் சித்தி ஒருவர் நாற்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோயால் மாண்டதை வீட்டில் 'கட்டி' என்று மட்டும் சொல்லி மறைத்திருந்தனர். மார்பகப் புற்றுநோய்க்குப் பெயர்பெற்ற BRCA2 மரபணுவே ஃபான்கோனி மரபணுக்களிலும் ஒன்று என்பது 2002இல் தெளிவானது. இரு பிரதியும் பழுதானால் பிள்ளைக்கு ஃபான்கோனி. ஒரு பிரதி பழுதானால் நலமாக இருக்கும் தாய்க்கும் அத்தைக்கும் மார்பக, சூலகப் புற்றுநோய் இடர். எல்லா ஃபான்கோனி மரபணுக்களும் அப்படியல்ல. பெரும்பாலானவற்றில் ஒரு பிரதி பழுதானோருக்குக் கூடுதல் இடர் நிறுவப்படவில்லை. அக்குடும்பத்தில் கண்டதும் அந்த BRCA2 அன்று என மருத்துவர் உறுதி செய்தார். ஆனால் சோதிக்கும்வரை யாருக்குத் தெரியும்? அதுபோல, மஜ்ஜை நோய்கள் எல்லாம் உறவு மணத்தால் வருவன என்று எண்ணுவதும் பிழை. 1938இல் டயமண்ட், பிளாக்ஃபேன் என்போர் விவரித்த சோகை, ஒரே பெற்றோரிடமிருந்தும் இறங்கும். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகவும் தோன்றும். அந்தத் தாயைப் பார்த்து 'மாமனைக் கட்டினாயே' என்று நாக்கை நீட்டுவோர் இதை அறிந்துகொண்டால் நல்லது.

மறைத்தல் நமக்கு மட்டும் உரிய குணமன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923இல் மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். முதலில் அது சீதபேதி எனக் கருதப்பட்டது. அந்தத் துயரை அவர் வீட்டுக்குள் புதைத்து வைக்கவில்லை. சொல்லிச் சொல்லியே நிதி திரட்டி, 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் திறக்கச் செய்தார். இளம்வயதில் இத்தகைய புற்றுநோய் வந்தால், குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா என்று மருத்துவர் இன்று முதலில் கேட்பார். நம் ஊரிலோ, 'வெளியே சொன்னால் தங்கச்சிக்கு வரன் வராது' என்பதே முதல் மறுமொழி. சிறுமியின் பெரியப்பா மகள்கள் மூவர் மணவயதில் இருந்தனர். அவர்களின் தந்தை சோதனைக்கு ஒரு துளி குருதி கொடுக்கவும் மறுத்துவிட்டார். இப்போது அவர்களில் ஒருத்தியை அத்தை வீட்டிலேயே கொடுத்தாயிற்று. அந்த மணத்துக்கு விலக்குக் கேட்டு நம்மிடம் வரவில்லை. வேறு ஊரில் முடித்துக்கொண்டார்கள்.

விலக்கு மறுப்பதால் இது தீராது என்பதை அதிலிருந்து அறிந்தோம். ஆகவே நம் பங்கில் விண்ணப்பம் எழுதுமுன், ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தலைமுறையை வரைந்து, மரித்தோர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினோம். இளவயதுச் சாவு இரண்டு மூன்று தென்பட்டால், மருத்துவரைப் பார்த்து வருமாறு கடிதம் கொடுக்கிறோம். சட்டத்தில் இதற்கு இடமுண்டா என ஒரு குரு நண்பர் கேட்டார். தடை செய்யவில்லை, கேட்கத்தானே செய்கிறோம் என்றோம்.

சென்ற தை மாதம் ஒரு குடும்பம் வந்தது. அக்காள் மகளைத் தம்பிக்கு முடிக்கவேண்டும். பாட்டியே முன்நின்று பேசினார். வீட்டில் சிறு வயதில் தவறியவர் உண்டா என்று நாம் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "கல்யாணம் பேச வந்த இடத்துல சாவக் கேக்கியளே, சாமி" என்று எழுந்து போய்விட்டார். பிள்ளைகள் தலைகுனிந்து பின்னே சென்றனர்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து எல்லாரும் போன பின், அந்தப் பாட்டி மட்டும் தனியே நின்றிருந்தார். மூன்று பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். இருவரின் பெயர்கள் நம் பதிவேட்டில் இருந்தன. மூன்றாவது, பெயரிடும் முன்னரே இறந்த பெண்குழந்தை. "பெறக்கும்போதே பெருவிரலு இல்ல" என்றார். அதையும் அந்தத் தாளில் எழுதிக்கொண்டோம்.